விளக்கு அணைந்ததை மூன்று வாரம் கழித்துக் கவனித்தேன்: அன்றாடத்தில் தேயும் பக்தியை எப்படிக் காப்பது?

பாலாற்றங்கரை எழுதியது:

அடியார் பெருமக்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பூசையறையில் அப்பா காலத்துத் தூக்குவிளக்கு ஒன்று இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அதில் எண்ணெய் ஊற்றப் போனபோது, பழைய எண்ணெய் அடியில் பிசினாக இறுகி, திரி அதற்குள் புதைந்து, ஓர் எறும்பு அதில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. கடைசியாக எப்போது விளக்கேற்றினோம் என்று மனைவியைக் கேட்டேன். "நீங்கள் ஏற்றுகிறீர்கள் என்று நான் இருந்துவிட்டேன்" என்றார். நாட்களை எண்ணிப் பார்த்ததில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் துக்கம் இல்லை, நோய் இல்லை, யாருக்கும் இறைவன்மேல் மனத்தாங்கலும் இல்லை. இருந்தும் விளக்கு அணைந்திருக்கிறது; அது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

அப்பா சிவதீட்சை பெற்றவர். விடிவதற்குள் குளித்து, நீறு பூசி, ஐந்தெழுத்தை நூற்றெட்டு முறை எண்ணி, ஒரு பதிகமாவது ஓதிய பிறகுதான் காப்பியைத் தொடுவார். நான் கண் விழித்ததும் கைபேசியைத் தொடுகிறேன்; அரை மணி நேரம் போன பிறகே படுக்கையிலிருந்து எழுகிறேன். நீறு பூசிக்கொண்டு கிளம்பினாலும், அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தியவுடன் கண்ணாடியைப் பார்த்துக் கைக்குட்டையால் துடைத்துவிடுகிறேன். துடைக்கும்படி யாரும் சொன்னதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு மேலதிகாரி ஒருவர் என் நெற்றியைப் பார்த்துப் புன்னகை செய்தார், அவ்வளவுதான். அந்த அலுவலகத்தை விட்டே வந்துவிட்டேன். துடைக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இறைவன் இருக்கிறானா என்ற ஐயம் எனக்கு வந்ததில்லை. ஆனால், கோயிலில் நிற்கும்போது முன்பு உள்ளே ஏதோ ஒன்று இளகும். இப்போது அது இளகுவதில்லை. இதை அனுபவித்தவர்கள் எப்படி மீண்டு வந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

உழவாரத்தொண்டன் எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கைப் பற்றிப் படித்தபோது, பதினைந்து ஆண்டுகளாக நாங்கள் செய்துவரும் உழவாரப் பணியில், அதாவது கோயில்களைத் துப்புரவு செய்யும் தொண்டில், கண்ட ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பராமரிப்பு குறைந்த பழைய கோயில் ஒன்றுக்கு, நிர்வாகத்தின் அனுமதி பெற்று இருபது முப்பது பேர் போவோம். அங்கெல்லாம் தவறாமல் காண்பது அரசங்கன்றுதான். ஒரு பறவை எச்சமிடுகிறது; கடுகைவிடச் சிறிய விதை ஒன்று கற்களின் இடுக்கில் தங்குகிறது; ஒரு மழைக்கு முளைக்கிறது. முதல் ஆண்டில் அது இரண்டு இலை. கீழே நின்று பார்ப்பவர்களுக்கு அழகாகக்கூடத் தெரியும். அந்த நிலையில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். அதை விட்டுவைத்தால், வேர் ஈரத்தைத் தேடிச் சுவருக்குள் போய், பருத்து, ஆள் உயரக் கருங்கல்லையே இடம் பெயர்த்துவிடுகிறது. எத்தனையோ படையெடுப்புகளையும் புயல்களையும் தாங்கி நின்ற விமானம், யாரும் பிடுங்காமல் விட்ட ஒரு கன்றினால் பிளந்து நிற்பதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம்.

புதிதாக வரும் இளைஞர்கள் ஆர்வத்தில் செடியை மேலோடு வெட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். அது அடுத்த மழைக்கே இரட்டிப்பாகத் தழைக்கும். வேரைப் பின்தொடர்ந்து போய் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமனே விடக்கூடாது. சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பிசைந்த காரையால் அந்த இடுக்கை அடைக்க வேண்டும். ஓட்டையை அப்படியே விட்டால் அடுத்த விதைக்கு நாமே பாத்தி கட்டிக் கொடுத்ததாகிவிடும். நீங்கள் காலையில் கைபேசியைத் தள்ளி வைப்பதோடு நிறுத்தினால், அந்த அரை மணி நேரம் வெற்றிடமாக இருக்கும். இரண்டே நாளில் வேறொன்று வந்து குடியேறிவிடும். அந்த இடத்தில் அன்றே ஒரு பதிகத்தை வையுங்கள்.

அப்பர் பெருமான் கையில் உழவாரப்படை இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், அதன் பொருளை நாம் யோசிப்பதில்லை. மாபெரும் பல்லவ மன்னனின் ஆணைக்கே அஞ்சாதவர், கடைசிவரை கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். திருவாரூர்த் தாண்டகத்தில் அவர் தம் நெஞ்சை அழைத்து, நிலைபெற வேண்டுமானால் நாள்தோறும் பொழுது புலரும் முன் கோயிலுக்குப் போய்ப் பெருக்கி மெழுகு என்று சொல்கிறார். அவ்வளவு பெரிய அனுபவம் பெற்றவர் தம் நெஞ்சுக்கே இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இரவுப்பணிச்செவிலி எழுதியது:

இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால், புலரும் முன் எழுந்து குளித்து ஓதுவது என்பது வீட்டில் வேறு ஒருவர் சமைத்து வைக்கும் ஆண்களுக்கு எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும். என் பொழுது புலர்வதே மாலை ஏழு மணிக்குத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுவதும் நின்றுவிட்டு வீடு திரும்பினால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

பக்திக்கு வரும் கேடு அலட்சியத்தால் மட்டும் வருவதில்லை. எனக்கு அது பூசையறை வாசலிலேயே வந்தது. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், "பிணத்தைத் தொட்ட கை" என்று சொல்லி விளக்கைத் தொடவிடமாட்டார்கள். இரவு ஓர் உயிரைக் காப்பாற்ற மூவர் போராடித் தோற்று, அந்த அம்மாவின் கண்ணை மூடிவிட்டு வந்த காலைகளில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். மாதவிலக்கு நாட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐந்து ஆண்டுகளில் எனக்கு இறைவன்மேல் இருந்த அன்பு, அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டாமலே வற்றிவிட்டது. கோயிலுக்குப் போனாலும் அந்தக் குரல்தான் முதலில் காதில் விழுந்தது.

மீண்டது மிகச் சாதாரணமாக நடந்தது. எங்கள் பணியில் ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று அதற்கு ஒரு முறை உண்டு. ஓர் இரவு, ஏனென்று தெரியவில்லை, அந்த ஐந்து இடத்துக்கும் ஐந்தெழுத்து வாயில் வந்தது. அன்றிலிருந்து விடவில்லை. ஒரு பணிநேரத்தில் எத்தனையோ முறை கழுவுகிறேன். எனக்குப் பூசையறை வேண்டியிருக்கவில்லை. யாரும் என்னைத் தடுக்க முடியாத ஓரிடம்தான் வேண்டியிருந்தது. இதை முறையான வழிபாடு என்று ஏற்பீர்களா என்று மூத்தவர்களிடம் கேட்கிறேன். ஏற்கவில்லை என்றாலும் தொடர்ந்து செய்வேன்.

சித்தாந்தமாணவர் எழுதியது:

தங்கையே, யாரும் ஏற்க வேண்டிய நிலையில் அது இல்லை. திருநின்றவூர்ப் பூசலார் கையில் ஒரு காசும் இல்லாமல் மனத்திலேயே அடித்தளம் இட்டு, நாள் பார்த்து, சிகரம் வைத்து, குளம் வெட்டி, மதில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் நாள் குறித்திருந்தது. நாளை அன்பன் ஒருவன் கட்டிய ஆலயத்தில் புகுகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று மன்னன் கனவில் இறைவன் சொன்னதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். பூசலார் எத்தனை நாள் எண்ணி எண்ணிச் சேர்த்தார் என்பதே அதில் நான் எப்போதும் நின்று பார்க்கும் இடம். ஒரே மூச்சில் எழுந்த கற்பனையாக அதைச் சேக்கிழார் சொல்லவில்லை. கல்லும் மரமும் தேடி, தச்சர்களைத் தேடி, இரவும் கண் துஞ்சாமல் கட்டினார் என்கிறார். உங்கள் கை கழுவும் நீரில் நடப்பதும் அந்த வேலைதான்.

உங்களைத் தடுத்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் ஆசாரம் என்ற பெயரில் ஒருவரின் அன்பை அவித்தால், அவர்கள் காத்தது எதுவும் இல்லை. இதைச் சைவத்தின் பெயரால் செய்கிறார்கள் என்பதே என்னைப் போன்றவர்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி.

பாலாற்றங்கரை ஐயாவுக்கு: மெய்கண்டார் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள் உள்ளன. இறுதிச் சூத்திரத்தை அவர் யாருக்காகச் செய்தார் என்று பாருங்கள். திருவடியை அடையும் தகுதி பெற்றுவிட்டவருக்காகச் செய்தார். அவருக்கும் மலத்தின், அதாவது உயிரைப் பற்றியிருந்த அழுக்கின், வாசனை வந்து தாக்கும் என்பதால், அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அன்பரோடு கலந்திருக்க வேண்டும், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழ வேண்டும் என்கிறார். பெருங்காயம் வைத்த பாத்திரத்தைக் கழுவிய பிறகும் மணம் போகாதது போன்றது அந்த வாசனை. ஞானியருக்கே இந்த ஏற்பாடு என்றால், உங்களுக்கு ஒரு மூன்று வாரம் நழுவிப் போனதைக் குற்றமாக எண்ணி மனம் குன்ற வேண்டியதில்லை. குற்றவுணர்வு கொஞ்ச நாளில் பூசையறைப் பக்கம் போகவே கூச்சப்பட வைத்துவிடும். பலருக்கு அப்படித்தான் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிக்கொள்கிறது. அன்பரோடு கலந்திருத்தல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் இருவரும் ஒருவர் ஏற்றுவார் என்று மற்றவர் இருந்துவிட்டீர்கள். நாளை முதல் இருவரும் சேர்ந்தே ஏற்றுங்கள்.

இணுவிலாள் எழுதியது:

யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்து, இப்போது இலண்டனில் வாழ்கிறேன். இங்கே எழுதுவதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. விளக்கு அணைந்ததைக் கவனிக்கவில்லை என்ற வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1995 அக்டோபர் 30ஆம் நாள் போரினால், எங்கள் ஊர் இருக்கும் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்டோம். கந்தசட்டி விரத காலத்தை ஒட்டிய நாள். மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் தெருவில் கால் வைக்க இடமில்லாமல் சனம். அம்மம்மா ஒரு துணிப்பையில் திருநீற்றுப் பெட்டியையும், கந்தபுராணப் புத்தகத்தையும், என் தம்பியின் பால்மாவையும் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். நடக்கும்போது முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார்; சொல்லாத நேரத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நாற்பது குடும்பங்கள் இருந்தோம். மூன்றாம் நாள் பொழுதுபட, அம்மம்மா புத்தகத்தை விரித்தார். ஊரில் கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டை இழுத்துப் படிக்க, இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். அங்கே படிக்க அம்மம்மா, பயன் சொல்ல ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கைவிளக்கு ஒன்று. அழுதுகொண்டிருந்த சனம் ஒவ்வொருவராய் வந்து இருந்தது. நான் அப்போது சிறுமி. ஆனால் கடவுள் எங்களோடு கொட்டகையில் இருக்கிறார் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை.

குண்டுக்கும் ஓட்டத்துக்கும் போகாத அந்த நம்பிக்கை, இங்கே வந்து, சூடான வீட்டில், பசியில்லாத நாட்களில் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன். முதலில் வெள்ளிக்கிழமை வேலை முறை மாறியது. அடுத்து, விரத நாட்களில் மற்றவர்களுக்கு ஏன் இடைஞ்சல் என்று அலுவலக விருந்தில் உட்கார்ந்தேன். மகன் தேவாரத்தைப் பிழையாகச் சொன்னபோது திருத்த அலுப்பாக இருந்தது. பிறகு அவன் சொல்வதையே விட்டான், நானும் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. அம்மம்மா காலமான அன்று, சடங்கில் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாட வேண்டிய நேரத்தில், எனக்கு வாயில் வரவில்லை. கொட்டகையில் மனப்பாடமாகக் கேட்டு வளர்ந்தவள், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன்.

அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. 1995இல் நனைந்த பக்கங்கள் அலையலையாய் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது.

கொங்குநாட்டான் எழுதியது:

அம்மா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தேன்.

என் அனுபவம் இதற்கு நேர் எதிரான திசையில் போய் அதே இடத்தில் முடிகிறது. எனக்குப் பக்தி குறையவே இல்லை என்றும், நாளுக்கு நாள் வளர்கிறது என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம், காலை எழுந்தது முதல் வாட்ஸ்அப் குழுக்களில் பிற மதத்தவர்களைப் பற்றி வரும் செய்திகளைப் படித்துக் கொதித்து, அவற்றைப் பத்துப் பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதைச் சமயத் தொண்டு என்று எண்ணினேன். ஒரு பிரதோஷத்தன்று நந்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவருக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பால் வழிந்து, நீர் வழிந்து, திரை போட்டு, அலங்காரமாகித் திரையும் விலகிவிட்டது. பக்கத்தில் நின்ற பாட்டியம்மா என் முழங்கையைத் தட்டி, "சாமியப் பாரு கண்ணு" என்றார். தலை நிமிர்ந்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கோபம் மட்டும் கைவிரல்களில் துடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குழுக்களிலிருந்து விலகி ஓராண்டாகிறது. எங்கள் தறிக்கூடத்தில் இசுலாமியர் ஒருவர் பதினெட்டு ஆண்டுகளாகப் பாவு ஓட்டுகிறார். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தொழுகை நேரத்துக்குத் தவறாமல் எழுந்து போவார். அவரைப் பார்த்துத்தான் நானும் மாலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கை கால் கழுவிப் பத்து நிமிடம் உட்காரத் தொடங்கினேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

உழவாரத்தொண்டன் எழுதியது:

இணுவில் அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தில்லையில் (சிதம்பரத்தில்) தேவார ஏடுகள் கிடைத்த செய்தியைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. இராசராசன் அறையைத் திறந்தபோது ஏடுகள்மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, செல்லரித்தவை போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியவை பல்லாயிரம் என்பது மரபு. இன்று நம் கையில் இருப்பவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான பதிகங்கள். அந்த அறைக்கு முத்திரையும் காவலும் இருந்தன. பூட்டு பத்திரமாக இருந்தது. உள்ளே ஓதுவார் இல்லை.

ஆனால் இதன் மறுபாதியையும் பாருங்கள். சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் எந்த ஏட்டிலும் இல்லாமல் போய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. யாரோ ஒருவர் அதைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார். உங்களுக்குள் அம்மம்மா வெட்டி வைத்தது அழிந்திருக்காது. ஒட்டிய பக்கங்களை நீங்களாகப் பிரிக்க வேண்டாம்; பழஞ்சுவடிகளைப் பேணத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். அதுவரை அதே கந்தபுராணத்தை வேறு பதிப்பில் வாங்கி, மகனிடம் நாலு வரி படிக்கச் சொல்லுங்கள். அவன் பிழையாகப் படித்தால் பயன் சொல்லும் இடத்தில் நீங்கள் இருங்கள்.

எல்லோரும் அறிந்த இன்னொன்று: வருமானமில்லாத கோயில்களில் நாளுக்கு ஒரு வேளையாவது விளக்கெரிய வேண்டும் என்று அறநிலையத்துறை ஒருகாலப் பூசைத் திட்டத்தை நடத்துகிறது. ஆயிரக்கணக்கான கோயில்கள் அதில் இருக்கின்றன. அப்படிப்பட்ட பல கோயில்களில் வேலை செய்திருக்கிறோம். கோபுரம் இல்லை, கூட்டம் இல்லை, உற்சவம் இல்லை. ஆனால் காலையில் ஓர் அர்ச்சகர் சைக்கிளில் வந்து, ஒரு குடம் நீர் விட்டு, ஒரு பிடி அன்னம் படைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். உள்ளே நுழைந்தவுடன் வேறுபாடு தெரியும். பூசையே நின்றுபோன கோயிலில் முதலில் வௌவால் நாற்றம் அடிக்கும். ஒருகாலப் பூசை நடக்கும் கோயிலில் ஈரக்கல்லும் எண்ணெயும் கலந்த மணம் இருக்கும். ஆறுகாலப் பூசை செய்ய முடியாதவர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஒன்றே ஒன்று, ஆனால் நாள் தவறாமல்.

இணுவிலாள் எழுதியது:

நன்றி ஐயா. புத்தகத்தைப் பிரிக்கவில்லை. மகனுக்கு இன்று தொலைபேசியில் சொன்னேன். அவன் வேறு நகரத்தில் படிக்கிறான். வெள்ளி இரவு எட்டு மணிக்கு அழைப்பதாகச் சொன்னான். "அம்மா, அம்மம்மா இழுத்துப் படிப்பாவே, அந்த இராகம் உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான். அவன் அதைக் கேட்டிருக்கிறான் என்பதே எனக்கு இத்தனை காலமும் தெரியாது.

பாலாற்றங்கரை எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். தூக்குவிளக்கை வெந்நீரில் ஊறவைத்து, இறுகிய எண்ணெயைத் தென்னங்குச்சியால் சுரண்டி எடுத்து, மனைவி புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தார். அடியில் அப்பா ஆணியால் கீறிய தம் பெயரின் முதலெழுத்து தெரிந்தது. எட்டு நாட்களாக இருவரும் சேர்ந்து ஏற்றுகிறோம். கைபேசியைக் கூடத்திலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். உள்ளே எதுவும் இளகவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால், செவிலி அம்மா எழுதியதைப் படித்த பிறகு, இளகுவதற்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அலுவலக வாசலில் பழக்கத்தில் கைக்குட்டை கைக்கு வந்துவிட்டது. துடைக்கவில்லை. நாள் முழுவதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலையில் தேநீர் கொண்டுவரும் அம்மா மட்டும், "இன்னைக்கு விசேசமா சார்?" என்றார். இல்லை அம்மா, சாதாரண நாள்தான் என்றேன்.

அடுத்த உழவாரப் பணிக்கு நானும் வரலாமா? செங்கல் சுமந்தோ மண்வெட்டி பிடித்தோ பழக்கமில்லாதவன்.

உழவாரத்தொண்டன் எழுதியது:

தாராளமாக வாருங்கள் ஐயா. உங்கள் வீட்டு அம்மாவையும் அழைத்து வாருங்கள். மேலே ஏறும் வேலை பழகியவர்களுக்கு மட்டும்தான். உங்களுக்குப் பிராகாரத்தில் புல் செதுக்கும் வேலை இருக்கும். காலை ஆறரைக்குத் தொடங்குவோம், வெயில் ஏறுமுன் பாதி முடிந்துவிட வேண்டும். தொப்பியும் பழைய வேட்டியும் போதும். காரை பூசும் இடத்தில் உதவுவதானால் கையுறை கொண்டுவாருங்கள், சுண்ணாம்பு தோலை அரிக்கும். மதிய உணவு எங்கள் பொறுப்பு.